காலக் கணிப்பும் தங்குநிலையும்: பல்தள மென்பொருளாக்கத்தில் நேரச் செயற்கூறுகளின் தெரிவு பற்றிய சில குறிப்புகள்

மொழி, இலக்கிய ஆய்வில் ஈடுபட்டிருப்போர் கணினியின் நேரச் செயற்கூறுகள் பற்றி எழுதப் புகுவது இச்சஞ்சிகையின் வாசகர் சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். எனவே, இக்கட்டுரை எழுந்த சூழலை முதலிற் கூறிவிடுதல் பொருத்தமாகும்.

பழைய தமிழ்ச் சஞ்சிகைகளின் சொல்லடைவு ஒன்றினைத் தேடிப் பார்ப்பதற்கான சிறு மென்பொருள் ஒன்றை நாம் சிலர் கூடி ஆக்கினோம். விண்டோஸ், லினக்ஸ், மக் ஆகிய மூன்று பணிசெயல் முறைமைகளிலும் அது இயங்கவேண்டும் என்பது எமது நோக்கமாக இருந்தது. எமது மேசைகளில் அது பழுதின்றி இயங்கியது. ஆனால், கிராமத்து வாசிகசாலை ஒன்றுக்கு அதனைக் கொண்டுசென்றபோது அது திறக்கவே மறுத்தது. அங்கிருந்த ஒரேயொரு கணினி விண்டோஸ் 7 இல் இயங்குவது. ‘கெற் சிஸ்ரம் ரைம் பிரிசைஸ் அஸ் பைல் ரைம்’ என்ற நீண்ட பெயருடைய செயற்கூறு ஒன்றினைக் கண்டறிய முடியவில்லை என்னும் செய்தி மட்டுமே திரையில் தோன்றியது. “எங்கடை மெசின் பழசு தம்பி, அதாலைதான்” என்று வாசிகசாலைப் பொறுப்பாளர் தம்மையே நொந்துகொண்டார்.

திரும்பி வந்து நிரலை ஆராய்ந்தபோது உண்மை புலப்பட்டது. அச்செயற்கூற்றினை நாம் ஓரிடத்தில் மாத்திரமே அழைத்திருந்தோம். ஒவ்வொரு தேடலும் நிகழ்ந்த நேரத்தைக் குறிப்பேட்டுக் கோப்பொன்றில் எழுதிவைப்பதே அவ்வழைப்பின் பயன். அதற்குச் செக்கனளவிலான திருத்தமே போதுமானது. நாம் கோரியதோ மைக்ரோசெக்கனிலும் குறைந்த நுண்மை. எமக்குத் தேவைப்படாத அந்நுண்மையின் விலையை, அதனைப் பற்றி எதுவுமறியாத ஒரு வாசிகசாலை செலுத்தியது. பிழை அக்கணினியின் பழமையில் இருக்கவில்லை. எமது தெரிவில் இருந்தது. இத்தெரிவு எவ்வாறு நிகழ்கிறது, அதனை எவ்வாறு நெறிப்படுத்தலாம் என்பனவே இங்கு நாம் நோக்க முற்படும் விடயங்களாகும்.

1. தங்குநிலை உண்டாகும் விதம்

எந்தவொரு நிரலும் தனித்து இயங்குவதில்லை. கோப்பினைத் திறத்தல், திரையில் எழுதுதல், நேரத்தை அறிதல் ஆகிய அனைத்துக்கும் அது பணிசெயல் முறைமையிடமே கையேந்துகிறது. நிரல் தொகுக்கப்படும்போது, தான் வேண்டிநிற்கும் செயற்கூறுகளின் பெயர்களையும், அவை உறையும் மென்பொருள் நூலகங்களின் பெயர்களையும் ஒரு பட்டியலாகத் தன்னுள்ளே சுமந்துகொள்கிறது. நிரலைத் தொடக்கும்போது பணிசெயல் முறைமை அப்பட்டியலைப் படித்து, ஒவ்வொரு பெயருக்கும் உரிய இடத்தைத் தேடிப் பொருத்துகிறது.

இங்கு ஒரு முக்கியமான உண்மை மனங்கொள்ளத்தக்கது. விண்டோஸில், பட்டியலிலுள்ள பெயர்களுள் ஒன்றேனும் கிடைக்காதவிடத்து, வழக்கமான முறையில் இணைக்கப்பட்ட நிரல் முழுவதுமே தொடங்காது நின்றுவிடும். அச்செயற்கூறு நிரலின் மூலையொன்றில், ஆயிரத்தில் ஒருமுறை மட்டும் அழைக்கப்படுவதாயினும் விளைவு ஒன்றே. ஆகவே, தங்குநிலையின் பாரத்தை அதன் பயன்பாட்டின் அளவினைக் கொண்டு மதிப்பிடல் தவறாகும். எமது மென்பொருளின் முதன்மைப் பணியான சொற்றேடலில் எக்குறையும் இருக்கவில்லை. எனினும், குறிப்பேட்டில் எழுதப்படும் ஒரு வரியின் பொருட்டு அது முழுவதும் பயனற்றுப்போயிற்று.

2. இரண்டு வகை நேரம்

எச்செயற்கூற்றினைத் தெரிவுசெய்வது என்ற வினாவுக்கு முன்னர், எவ்வகை நேரம் வேண்டப்படுகிறது என்ற வினா எழுப்பப்படவேண்டும். நேரம் என நாம் பொதுப்பட வழங்குவது மென்பொருளைப் பொறுத்தவரை குறைந்தது இரண்டு வேறு பொருள்களைக் குறிக்கும். ஒன்று நாட்காட்டி நேரம். ஒரு கடிதம் எந்நாளில், எந்நேரத்தில் எழுதப்பட்டது என்பதை அது கூறும். மற்றையது கால இடைவெளி. ஒரு தேடலுக்கு எத்தனை மில்லிசெக்கன் சென்றது என்பதை அது கூறும். முன்னையது சுவர்க் கடிகாரத்தை ஒத்தது. பின்னையது ஓட்டப்போட்டி நடுவரின் கையிலுள்ள நிறுத்தற் கடிகாரத்தை ஒத்தது.

சுவர்க் கடிகாரத்தை எவரும் திருத்தலாம். முன்னேயும் பின்னேயும் நகர்த்தலாம். கணினியின் நாட்காட்டி நேரமும் அத்தகையதே. பயனர் அதனை மாற்றுவார். வலையமைப்பினூடாக வரும் திருத்தம் அதனை மாற்றும். புவியின் சுழற்சியோடு ஒத்துப்போவதற்காக உலகப் பொது நேரத்திற் சேர்க்கப்படும் லீப் செக்கனும் அதனைப் பாதிக்கும். எனவே, சுவர்க் கடிகாரத்தின் இரு வாசிப்புகளைக் கழித்து இடைவெளியைப் பெற முனைவது அபாயகரமானது.

இது வெறும் ஏட்டளவிலான அச்சமன்று. 2016 ஆம் ஆண்டின் இறுதியில் லீப் செக்கன் ஒன்று சேர்க்கப்பட்டது. 2017 ஜனவரி 1 ஆம் திகதி தொடங்கிய அக்கணத்தில், கிளவுட்பிளேர் நிறுவனத்தின் களப்பெயர்ச் சேவையில் ஒரு பகுதி பழுதுற்றது. கால இடைவெளி ஒருபோதும் எதிர்க்கணியமாகாது என நம்பி எழுதப்பட்ட நிரற்பகுதிக்கு எதிர்க்கணியமே வந்து சேர்ந்ததுதான் காரணம். ‘கோ’ என்னும் நிரலாக்க மொழி, அதன் நேர வாசிப்போடு பின்னோக்கி நகராத ஒருதிசைக் கடிகாரத்தின் வாசிப்பையும் சேர்த்து வழங்கத் தொடங்கியது அவ்வாண்டு ஓகஸ்டில் வெளியான 1.9 ஆம் பதிப்பிலேயாகும்.

நேர வகையைச் சரியாக இனங்காண்பது தங்குநிலையைக் குறைப்பதற்கும் உதவும். இடைவெளி மட்டுமே வேண்டுவோருக்கு நேர வலயங்கள், நாட்காட்டி விதிகள் ஆகியவற்றைச் சுமக்கும் நூலகங்கள் எவையும் தேவையில்லை. நாட்காட்டி நேரத்தைச் செக்கனளவில் வேண்டுவோருக்கு நுண்கடிகாரங்கள் தேவையில்லை.

3. விண்டோஸ் தரும் தெரிவுகள்

விண்டோஸில் இடைவெளியை அறிய மிக எளிய வழி ‘கெற் ரிக் கவுண்ட்’ ஆகும். கணினி தொடக்கப்பட்டதிலிருந்து சென்ற மில்லிசெக்கன்களை அது தரும். எந்நிரலும் எப்படியும் தங்கிநிற்கும் அடிப்படை நூலகத்திலேயே அது உறைவதாற் புதிய தங்குநிலை எதுவும் உண்டாவதில்லை. அதன் குறைபாடுகள் இரண்டு. அதன் நுண்மை 10 முதல் 16 மில்லிசெக்கன் வரையிலானது. மேலும், அதன் விடை 32 பிற்றுகளில் அடங்கவேண்டியிருப்பதால், ஏறத்தாழ 49.7 நாட்களில் எண்ணிக்கை மீண்டும் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். விண்டோஸ் 95, விண்டோஸ் 98 ஆகியன இவ்வெல்லையில் உறைந்து நின்றுவிடக்கூடும் என்பது 1999 இல் வெளிப்பட்டது. 2004 செப்டெம்பரில் தென் கலிபோர்னியாவின் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையமொன்று வானொலித் தொடர்பினை இழந்ததும் இத்தகைய 32 பிற்று எண்ணி தீர்ந்துபோனமையாலேயே. இக்குறையை நீக்கிய 64 பிற்று வடிவம் விண்டோஸ் விஸ்ராவுடன் வந்தது.

நுண்மை போதாது எனக் கண்ட நிரலாளர் பலர் ‘ரைம் கெற் ரைம்’ என்பதை நாடினர். அதுவும் மில்லிசெக்கன்களையே தருகிறது, அதுவும் 49.7 நாட்களில் திரும்புகிறது. ஆனால், அது ‘வின் எம் எம்’ எனப்படும் பல்லூடக நூலகத்துக்கு உரியது. ஒலி எழுப்புதல், விளையாட்டுக் கருவிகளைக் கையாளுதல் போன்ற பணிகளுக்காக எழுந்த நூலகம் அது. சத்தமே எழுப்பாத சொல்லடைவு மென்பொருளொன்று நேரத்தை அறிவதற்காக ஒலி நூலகத்தோடு தன்னைப் பிணைத்துக்கொள்வது தேவையற்ற தங்குநிலைக்குத் தெளிவான உதாரணமாகும்.

இதனோடு இணைந்த பிறிதொரு விடயமும் உண்டு. அச்செயற்கூற்றின் நுண்மையை ஒரு மில்லிசெக்கனாக்குவதற்கு, அதே நூலகத்தின் வேறொரு செயற்கூற்றினால் முறைமையின் கடிகாரத் துடிப்பை விரைவுபடுத்தவேண்டும். வழமையாகச் செக்கனுக்கு 64 ஆகவுள்ள துடிப்பு இதனால் 1000 வரை உயரும். 2020 இல் வெளிவந்த விண்டோஸ் 10 இன் 2004 ஆம் பதிப்புக்கு முன்னர் இம்மாற்றம் கணினி முழுவதையும் பாதித்தது. ஒரு நிரலின் வசதிக்காக ஏனைய நிரல்கள் யாவும் வேறொரு துடிப்பில் இயங்கின. மின்கலத்தின் வலுவும் விரைவாகக் குறைந்தது. ஒருவர் பெற்ற பயனின் செலவு பொதுவிற் பகிரப்பட்டது என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

நுண்ணிய இடைவெளிகளை மெய்யாகவே அளக்கவேண்டியோருக்கு ‘குவரி பேர்போமன்ஸ் கவுண்டர்’ உண்டு. அதுவும் அடிப்படை நூலகத்திலேயே உள்ளது. அதன் அலகு கணினிக்குக் கணினி வேறுபடக்கூடியதாகையால், வீதத்தைத் தனியே கேட்டறிந்து வகுத்தல் அவசியம்.

நாட்காட்டி நேரத்துக்கு நீண்டகாலமாக இருந்துவருவது ‘கெற் சிஸ்ரம் ரைம் அஸ் பைல் ரைம்’ ஆகும். அது 1601 ஜனவரி 1 இலிருந்து கழிந்த நேரத்தை, செக்கனின் கோடியில் ஒரு பங்கினை அலகாகக் கொண்டு தருகிறது. எமக்குத் தடையாக அமைந்தது இதன் நுண்ணிய வடிவமே. அது 2012 இல் விண்டோஸ் 8 உடன் அறிமுகமானது. அதற்கு முந்திய முறைமைகளில் இல்லை. விண்டோஸ் 7 க்கான மைக்ரோசொவ்ற்றின் பொதுவான ஆதரவு 2020 ஜனவரியில் முடிவுற்றது உண்மையே. ஆயினும், உற்பத்தியாளர் ஆதரவை நிறுத்தும் நாளும், வறிய நிறுவனமொன்று தன் கருவியைக் கைவிடும் நாளும் ஒன்றல்ல.

4. யூனிக்ஸ் மரபும் அதன் கிளைகளும்

யூனிக்ஸ் மரபில் வந்த முறைமைகள் 1970 ஜனவரி 1 ஐத் தொடக்கமாகக் கொள்கின்றன. 1601 க்கும் 1970 க்கும் இடையிலுள்ள 11,644,473,600 செக்கன்களைக் கழித்துவிட்டால் இரு மரபுகளும் ஒத்துப்போகும். ஒரு வகுத்தலாலும் ஒரு கழித்தலாலும் தீரும் இவ்வேறுபாட்டுக்காகப் பெரிய நூலகமொன்றைச் சுமந்துவரும் நிரல்கள் உள என்பது சிந்திக்கத்தக்கது.

இம்மரபில் இடைவெளியை அளப்பதற்கு உரிய செயற்கூறு, பொசிக்ஸ் நியமம் வகுத்த ‘குளொக் கெற் ரைம்’ ஆகும். எவ்வகைக் கடிகாரம் வேண்டும் எனக் கேட்டு, சுவர்க் கடிகாரத்தையோ ஒருதிசைக் கடிகாரத்தையோ அது தருகிறது. எனினும், அதன் வரலாறு நேரானதன்று. லினக்ஸில் வழங்கும் குனூ சீ நூலகத்தில் அது முதன்மைப் பகுதியில் இடம்பெறாது, மெய்ந்நேரப் பணிகளுக்கான ‘லிப் ஆர் ரீ’ என்னும் துணை நூலகத்தில் இருந்தது. அத்துணை நூலகம், பல இழைகளில் இயங்கும் நிரல்களுக்கான வேறொரு நூலகத்தையும் உடனிழுத்து வந்தது. இதனால், ஒற்றை இழையில் இயங்கும் எளிய நிரலொன்று, நேரத்தைக் கேட்ட காரணத்துக்காகவே பல்லிழை இயக்கத்தின் மேலதிகச் செலவுகளையும் தாங்கவேண்டியதாயிற்று. 2012 டிசெம்பரில் வெளியான 2.17 ஆம் பதிப்பிலேயே இச்செயற்கூறு முதன்மை நூலகத்துக்கு மாற்றப்பட்டது.

அத்தீர்வும் புதியதொரு முரண்பாட்டினைத் தோற்றுவித்தது. புதிய லினக்ஸிலே தொகுக்கப்பட்ட நிரல், அச்செயற்கூற்றின் 2.17 ஆம் பதிப்பினையே தேடும். ஆகவே, அதற்கு முந்திய நூலகத்தைக் கொண்ட கணினியில் அது இயங்காது. பழைய கணினிகளையும் கருத்திற்கொள்வோர், தாம் ஆதரிக்க விரும்பும் மிகப் பழைய முறைமையிலேயே நிரலைத் தொகுப்பது இதன் பொருட்டேயாகும். மக் முறைமையில் இச்செயற்கூறு 2016 இல், 10.12 ஆம் பதிப்பிலேதான் வந்து சேர்ந்தது. அதுவரை அங்கு இடைவெளியை அளக்க ‘மாக் அப்சலூற் ரைம்’ என்னும் தனிவழியே பயன்பட்டது.

5. நியமங்களின் பயனும் எல்லையும்

இத்தனை வேறுபாடுகளுக்கிடையே, சீ மொழியின் நியமத்திலே அமைந்த ‘ரைம்’ என்னும் எளிய செயற்கூறு எல்லாத் தளங்களிலும் கிடைக்கிறது. நாம் எடுத்துக்கொண்ட முறைமைகளில் அது செக்கனளவிலேயே விடை தருகிறது. எமது குறிப்பேட்டுக்கு அதுவே போதுமாயிருந்தது. ஆனால், அதனையும் கண்மூடி ஏற்றல் ஆகாது. அதன் விடையை 32 பிற்றுக் குறியுள்ள எண்ணாக வைத்திருக்கும் முறைமைகளிலும் கோப்புகளிலும், உலகப் பொது நேரப்படி 2038 ஜனவரி 19 அதிகாலை 3 மணி 14 நிமிடம் 7 செக்கனோடு எண்ணிக்கை முடிவுறும்.

பெயர் ஒன்றாக இருப்பதனாற் பொருளும் ஒன்றாகிவிடாது என்பதற்கு அதே மொழியின் ‘குளொக்’ என்னும் செயற்கூறு சான்றாகும். நியமத்தின்படி அது நிரல் செலவிட்ட செயலி நேரத்தைத் தரவேண்டும். யூனிக்ஸ் மரபில் அவ்வாறே தருகிறது. மைக்ரோசொவ்ற்றின் நூலகத்திலோ அது கழிந்த மெய்நேரத்தைத் தருகிறது. பத்துச் செக்கன் உறங்கிக் கிடக்கும் நிரலுக்கு ஓரிடத்திற் பூச்சியத்தை அண்மித்த விடையும், மற்றோரிடத்திற் பத்துச் செக்கனும் கிடைக்கும். ஒரே சொல் வேறுவேறு வட்டாரங்களில் வேறுபொருள் தருவதை அறிந்த மொழியாய்வாளருக்கு இது புதுமையன்று. 2011 இல் நியமமாகிய சீ பிளஸ் பிளஸ் மொழிப் பதிப்பு, சுவர்க் கடிகாரத்தையும் பின்னோக்காத கடிகாரத்தையும் வேறு பெயர்களிட்டுப் பிரித்துத் தந்தமை இவ்வகையில் வரவேற்கத்தக்கதாகும். எனினும், அதன் அடியில் எந்த முறைமைச் செயற்கூறு அழைக்கப்படுகிறது என்பது தொகுப்பானின் பதிப்பினைப் பொறுத்தது. ஆதலின், நியமத்தினுள்ளே மறைந்திருக்கும் தங்குநிலையையும் பரிசோதித்தறிதல் வேண்டும்.

6. தவிர்க்கலாகாத் தங்குநிலை

இதுவரை கூறியவற்றிலிருந்து, தங்குநிலை அனைத்துமே தீது என்ற முடிவுக்கு எவரேனும் வருவாராயின் அது வரட்டுவாதமாகும். உள்ளூர் நேரத்தின் விடயத்தில் இது நன்கு தெளிவாகும்.

எமது நாட்டு வரலாறே இதற்குத் தக்க உதாரணம். மின்சார நெருக்கடியின் பின்னணியில் 1996 மே மாதம் இலங்கையின் நேரம், உலகப் பொது நேரத்திலிருந்து 5 மணி 30 நிமிட முன்னிலையிலிருந்து 6 மணி 30 நிமிட முன்னிலைக்கு மாற்றப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் அது 6 மணித்தியாலமாயிற்று. 2006 ஏப்ரலில் மீண்டும் 5 மணி 30 நிமிடத்துக்குக் கொண்டுவரப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில், அரச கட்டுப்பாட்டிற்கு வெளியேயிருந்த வடகிழக்குப் பகுதிகளிற் பழைய நேரமே வழங்கியது. சோதனைச் சாவடியைக் கடந்தோர் கடிகாரத்தையும் மாற்றவேண்டியிருந்த காலம் அது.

இலங்கை நேரம் என்றும் 5 மணி 30 நிமிட முன்னிலையே எனக் கருதும் நிரல், 1999 இல் உத்தியோகபூர்வ நேரப்படி பதியப்பட்ட ஆவணமொன்றின் நேரத்தை அரைமணித்தியாலம் பிறழவே காட்டும். இத்தகைய மாற்றங்களை எச்சூத்திரத்தாலும் வருவிக்க இயலாது. அவை அரசியல் தீர்மானங்கள், வரலாற்றுத் தரவுகள். உலகெங்குமுள்ள இம்மாற்றங்களைத் தொகுத்துவைத்திருக்கும் நேர வலயத் தரவுத்தளத்தில், கொழும்பின் பெயரில் இவை பதியப்பட்டுள்ளன. கடந்தகால உள்ளூர் நேரத்தைக் கையாளும் மென்பொருள் அத்தரவுத்தளத்திற் தங்கிநிற்பது தேவையற்றதன்று, கடமையாகும். அத்தரவுத்தளமும் உத்தியோகபூர்வ நேரத்தையே கூறும் என்பதையும், ஓர் ஆவணம் வேறு நேரம் வழங்கிய பகுதியிலிருந்து வந்ததா என்பதை ஆய்வாளரே தேர்ந்துகொள்ளவேண்டும் என்பதையும் மறந்துவிடலாகாது.

7. முடிவாக

மேற்கூறியவற்றின் அடிப்படையில் எமது நிரலைத் திருத்தினோம். குறிப்பேட்டுக்குச் சீ மொழியின் ‘ரைம்’ போதுமென்று கொண்டோம். அது தரும் விடையை 64 பிற்றுகளில் எழுதினோம். தேடலின் வேகத்தை அளக்க ஒவ்வொரு முறைமையினதும் ஒருதிசைக் கடிகாரத்தைப் பயன்படுத்தினோம். இவ்வேறுபாடுகள் யாவற்றையும் ஒரே சிறு கோப்பினுள் ஒதுக்கி, ஏனைய நிரற்பகுதிகள் அக்கோப்பை மட்டுமே அறியுமாறு செய்தோம். நுண்ணிய நேரம் வேண்டும் நிலை பின்னர் எழுமாயின், அச்செயற்கூற்றின் பெயரைத் தொடக்கப் பட்டியலில் இடாது, நிரல் இயங்கும்போதே அது உண்டா எனக் கேட்டு, இல்லாதவிடத்துப் பழையதற்கு மீளும் வழியும் உள்ளது. இறுதியாக, தொகுக்கப்பட்ட நிரல் சுமந்துவரும் பட்டியலை வெளியிடுமுன் ஒருமுறை படித்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டோம். முதலிலேயே அதனைச் செய்திருந்தால் எமது தவறு அன்றே தெரிந்திருக்கும்.

மாற்றிய நிரல் வரிகள் நாற்பதுக்கு மேற்படா. மீண்டும் அவ்வாசிகசாலைக்குச் சென்றபோது, அதே பழைய கணினியில் மென்பொருள் திறந்தது.

நேரச் செயற்கூறொன்றின் தெரிவு தொழினுட்ப நுணுக்கமாகவே பொதுவிற் கருதப்படுகிறது. ஆனால், ஒவ்வொரு தெரிவும் யாருடைய கணினியில் இம்மென்பொருள் இயங்கும், யாருடையதில் இயங்காது என்ற பிரிவினையையும் உடன் செய்துவிடுகிறது. புதிய கருவிகளைத் தம் மேசையில் வைத்திருப்போர் அப்பிரிவினையைக் காண்பதில்லை. அதன் மறுபுறத்தில் இருப்போரோ தம்முடைய வறுமையையே குற்றமாகக் கருதிவிடுகின்றனர். எனவே, தமிழில் ஆய்வுக் கருவிகளை ஆக்க முனைவோர், ஒரு செயற்கூற்றை அழைக்குமுன் அது எமக்கு மெய்யாகவே வேண்டுமா என்ற வினாவையும், அதன் விலையை யார் செலுத்துவார் என்ற வினாவையும் சேர்த்தே எழுப்புதல் வேண்டும்.